மூனிச்சிலிருந்து குடும்பத்தோடு ரயில் பயணம்: இன்டர்ரெயில் பாஸ் பற்றி உதவி தேவை

வணக்கம் நண்பர்களே. ஜெர்மனியில் மாணவர் விசாவில் இருக்கிறோம். இந்திய பாஸ்போர்ட், பெரியவர்கள் 2, குழந்தைகள் 6 வயதும் 3 வயதும். மூனிச், வெரோனா, வெனிஸ், மிலான், சூரிச், மறுபடி மூனிச் என்று திட்டம்.

ஒரே பாஸில் பல ஐரோப்பிய நாடுகளின் ரயில்களில் போகலாம் என்பதால் அதைப் பார்க்கிறோம். ஐரோப்பாவில் வசிப்பவர்களுக்கு யூரெயில் பாஸ் (வெளியிலிருந்து வருபவர்களுக்கானது) கிடையாது, இன்டர்ரெயில்தான். 4 முதல் 11 வயது வரை பாஸ் இலவசம், ஆனால் அதையும் பெரியவரின் பாஸோடு சேர்த்தே எடுத்துவிட வேண்டும். 4 வயதுக்குக் கீழே பாஸே வேண்டாம். வசிக்கும் நாட்டில் (எங்களுக்கு ஜெர்மனி) வெளியே போக ஒன்று, திரும்பி வர ஒன்று என்று 2 பயணத்துக்குத்தான் பாஸ் செல்லும்.

கணக்குப்படி 5 பயண நாள் (பாஸைப் பயன்படுத்தும் நாள்) வருகிறது. வெரோனா–வெனிஸ் சாதாரண ரயிலில் டிக்கெட் மலிவு. அதைத் தனியாக வாங்கினால் 4 நாள் பாஸே போதும். இது சரியா? அல்லது எல்லாவற்றுக்கும் முன்கூட்டியே சலுகை டிக்கெட் எடுப்பது லாபமா?

மிலான்–சூரிச் ரயிலுக்குப் பாஸ் இருந்தாலும் இருக்கை முன்பதிவு கட்டாயம். 3 வயதுக் குழந்தைக்கும் தனி இருக்கை போட்டீர்களா? மடக்கும் தள்ளுவண்டியை எங்கே வைத்தீர்கள்?

முக்கியமான கேள்வி காப்பீடு பற்றி. ஜெர்மன் அரசு மருத்துவக் காப்பீட்டு அட்டையின் பின்பக்கம் உள்ள ஐரோப்பிய மருத்துவக் காப்பீட்டு அட்டை (EHIC) இத்தாலியில் செல்லும்; இந்தியக் குடியுரிமை உள்ளவர்களுக்கு சுவிட்சர்லாந்தில் செல்லாது. குழந்தைகளையும் சேர்த்து குறைந்த நாளுக்குப் பயணக் காப்பீடு எடுத்தவர்கள் எதை, என்ன விலைக்கு எடுத்தீர்கள் என்று சொல்லுங்கள்.