ஜிப் பாதியில நின்னுபோச்சு: பூட்ஸ் வாங்கின அனுபவம் சொல்லுங்க

தண்டையார்பேட்டையிலிருந்து

ஜனவரியில ஜெர்மனி கிளம்பறேன். நர்ஸ் வேலை. பி2ன்னு சொல்ற ஜெர்மன் மொழிப் பரீட்சைக்குக்கூட இவ்வளவு அலையலை, முழங்கால் வரைக்கும் வர்ற ஒரு ஜோடி பூட்ஸுக்கு ரெண்டு மாசமா அலையறேன். அங்க போய் வாங்கிக்கோன்னு எல்லாரும் சொல்றாங்க. முதல் சம்பளம் கைக்கு வர்ற வரைக்கும் பனி காத்துக்கிட்டு நிக்குமா? யூரோ விலையைப் பார்த்து ரூபாயில பெருக்கினா அதுக்கு மேல பசியே எடுக்கறதில்ல.

என் பிரச்சினை இதுதான். பாதம் சின்னது, 4ஆம் நம்பர். கெண்டைக்கால் மட்டும் பெருசு. அம்மா வழி சொத்து அது, எங்க ஆயாவுக்கும் அப்படித்தான். அதுக்கு மேல ஆறு வருஷம் வார்டுல நின்ன கால்.

முதல்ல ஒரு பெரிய மாலுக்குப் போனேன். கடைப் பையன் தரையில மண்டி போட்டு ஜிப்பை இழுக்கறான், பாதிக்கு மேல ஏறவே இல்லை. வேர்த்துக் கொட்டுது அவனுக்கு. "மேடம், கொஞ்சம் மூச்சை இழுத்துப் பிடிங்க"ன்னான். கெண்டைக்கால் என்னைக்குப்பா மூச்சு விட்டுது? பக்கத்துல நின்ன என் தங்கச்சி சிரிச்ச சிரிப்புல கடையே திரும்பிப் பார்த்தது.

அப்புறம் அவனே ஒரு யோசனை சொன்னான், ரெண்டு நம்பர் பெருசா போட்டுப் பாருங்கன்னு. 6ஆம் நம்பர். ஜிப் ஏறிடுச்சு. அந்தச் சந்தோஷத்துல 2,900 ரூபாயைக் கொடுத்துட்டு வந்துட்டேன். வீட்டுல நடந்து பார்த்தாத்தான் தெரியுது, பாதம் உள்ள நீந்துது. அடி வைக்கிறப்பல்லாம் குதிகால் மேல ஏறி இறங்குது. முன்னாடி பஞ்சு அடைச்சேன், அடியில ரெண்டு இன்சோல் போட்டேன். மூணாவது நாள் குதிகால்ல கொப்புளம். பில்லைத் திருப்பிப் பார்த்தா, விற்ற பொருள் வாபஸ் இல்லைன்னு பொடி எழுத்துல போட்டிருக்கு.

கால்லயும் பாதத்துலயும் ரெண்டு இடத்துலயும் சரியா நின்ன பூட்ஸ் யாருக்காவது கிடைச்சிருக்கா? எங்க, எப்படின்னு கொஞ்சம் சொல்லுங்க.

எண்ணூரிலிருந்து

நாங்க போட்டது தோல் பூட்ஸ் இல்லம்மா, ரப்பர் கம்பூட்ஸ். 2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயலு வந்து, வெள்ளத்தோட எண்ணெயும் சேர்ந்து கழிமுகத்துல புகுந்துச்சே, அப்ப போட்டது. படகு, வலை, அலையாத்தி மரம்னு எதைத் தொட்டாலும் கறுப்புப் பிசின் மாதிரி கையில ஒட்டும். அதை அள்ளப் போனவங்களுக்குக் கம்பூட்ஸ் வந்துச்சு, எல்லாமே ஆம்பளை அளவு. என் காலு 5, கொடுத்தது 9. அதுலயும் ஒரு வேடிக்கை பாரு, பாதத்துல ரெண்டு காலு போற அளவுக்கு எடம், மேல கெண்டைக்கிட்ட மட்டும் இறுக்கிப் புடிக்கும். சேத்துல காலை வச்சா பூட்ஸு அங்கியே நின்னுடும், காலு மட்டும் வெளிய வரும். ரெண்டு தபா கையை ஊனி விழுந்தேன். மூணாவது நாளு எங்க வூட்டுக்காரர் சைக்கிள் டியூபை வளையமா வெட்டி, கணுக்காலுக்கு மேல ரெண்டு சுத்துப் போட்டு உட்டாரு. அப்புறம்தான் நடக்க முடிஞ்சிது. உனக்கு டியூபு சரிப்படாது கண்ணு, ஆனா புடிமானம் எங்க வேணும்ன்றதை அன்னிக்குத்தான் புரிஞ்சிக்கிட்டேன். கணுக்கால்லதான், கெண்டையில இல்ல.

மணலியிலிருந்து

நான் ஒரு கம்பெனியில ஸ்டோர்ஸ்ல இருக்கேன். கணுக்கால் உயரத்துக்கு, முன்னாடி இரும்பு மூடி வச்ச சேஃப்டி ஷூ கட்டாயம். கெண்டைக்காலுக்கு இங்க வேலை இல்லை, என் சண்டை முழுக்க மெட்டியோட. ரெண்டாவது விரல் மெட்டி அந்த இரும்பு மூடிக்கு நேர் கீழ மாட்டிக்கும். சாயங்காலம் ஷூவைக் கழட்டினா விரல்ல மோதிரம் மாதிரி நீலம் பாரிச்சிருக்கும். கழட்டி வச்சுட்டுப் போலாம்னா மாமியார் வாயைத் திறக்கறதுக்கு முன்னாடி எனக்கே மனசு கேக்கலை. இப்ப மெட்டியைத் தாலிக்கயித்துல முடிஞ்சுக்கிட்டுப் போறேன். அக்கா, நீங்க கொலுசு போடறவங்களா? பூட்ஸ் போட்டுப் பார்க்கப் போறப்ப கொலுசைக் கழட்டிட்டுப் போங்க. ஜிப் அதைக் கடிச்சா கொலுசும் போச்சு, ஜிப்பும் போச்சு.

புளியந்தோப்பிலிருந்து

அக்கா, எங்க அப்பாவுக்குப் பெரியமேட்டுல சின்னப் பட்டறை. முப்பது வருஷமா ஷூ தைக்கறார். நீங்க எழுதினதை அவருக்குப் படிச்சுக் காட்டினேன். "அந்தப் பையன் ஜிப்பு ஏறினா போதும்னு பார்த்திருக்கான்"னு தலையில அடிச்சுக்கிட்டார்.

அவர் சொன்னது இது. பாதத்துக்கு லாஸ்ட்னு ஒரு கட்டை உண்டு. அதுமேல தோலை இழுத்துத்தான் ஷூ ஆகுது, அதனால பாதம் எப்பவும் கட்டையோட அளவுதான். கெண்டைக்காலுக்கு அந்த மாதிரி கட்டை கிடையாது. அது தையல்காரர் வேலை, ஜாக்கெட் கை வெட்டற மாதிரி. பேட்டர்ன் போடறப்ப, பாதம் ஒரு நம்பர் ஏறினா கால் சுற்றளவும் அதோட கொஞ்சம் ஏறும்படிதான் வெட்டுவாங்க. சின்னப் பாதத்துக்குச் சின்னக் கால்தான் இருக்கும்னு ஒரு கணக்கு. அந்தக் கணக்குல நீங்க வரலை, அவ்வளவுதான். கெண்டைக்காக ரெண்டு நம்பர் ஏத்தினா நீளம் முக்கால் இஞ்சுக்குக் கிட்ட கூடிடும், ஏன்னா இங்க நாம போடற யுகே நம்பர்ல ஒரு நம்பருக்கு ஒரு இஞ்சில மூணுல ஒரு பங்கு. பாதம் நீந்தாம என்ன செய்யும்?

அதனால நம்பரைப் பாதத்துக்கு மட்டும் பாருங்க. விரலுக்கு முன்னாடி கட்டைவிரல் நகம் அகலத்துக்கு இடம் இருக்கணும், குதிகால் தூக்கக்கூடாது, புறங்கால் மேல அழுத்தம் இருக்கக்கூடாது. கெண்டையை அப்புறம் சரி பண்ணிக்கலாம். பாதத்தைச் சரி பண்ணவே முடியாது.

அளவு எடுக்கறதுக்குக் காலையில நேரா டேப்பைத் தூக்காதீங்க. நின்னு வேலை செஞ்சு முடிச்ச சாயங்காலம் எடுங்க. எங்க அம்மா ஒரு ஜவுளிக்கடையில நின்னவங்க. உட்கார நாற்காலி கொடுக்கணும்னு 2021ல சட்டம் வந்ததுக்கு முன்னாடி பத்து வருஷம் நின்னிருக்காங்க. அவங்க காலுக்குக் காலையில ஒரு அளவு, ராத்திரி ஒரு அளவு, முக்கால் இஞ்சு வித்தியாசம். அங்க போட்டுக்கப்போற கம்பளி சாக்ஸையே மாட்டிக்கிட்டு, பாதத்தைத் தரையில ஊனி, இஞ்ச் டேப்பால கெண்டையோட ரொம்பப் பருத்த இடத்தைச் சுத்துங்க. டேப் தொட்டுக்கிட்டு இருக்கணும், பிடிக்கக்கூடாது. ரெண்டு காலையும் எடுக்கணும், ஒண்ணு மாதிரி ஒண்ணு இருக்காது. பெரியதைக் கணக்கு வச்சுக்கணும். இன்னும் ஒரு அளவு இருக்கு, கடையில யாரும் எடுக்க மாட்டாங்க: தரையிலேர்ந்து அந்தப் பருத்த இடம் எவ்வளவு உயரம், முழங்கால் மடிப்பு எவ்வளவு உயரம். குள்ளமா இருக்கறவங்களுக்கு பூட்ஸோட விளிம்பு முழங்கால் பின்மடிப்புல அறுக்கறது இதனாலதான்.

கடையில வாங்கின பூட்ஸை மாத்தணும்னா அசல் தோலா இருக்கணும். தோல் நீட்டறதுல கால் இஞ்சு, மிஞ்சினா அரை இஞ்சு கிடைக்கும். அதுக்கு மேல வேணும்னா பின்தையலைப் பிரிச்சு, முக்கோணமா எலாஸ்டிக் வச்சுத் தைக்கணும். உள்பக்கம் ஜிப் இருக்கறதால அந்தப் பக்கம் கை வைக்க மாட்டார் அப்பா. ரெக்சின்ல இந்த வேலையே ஆகாது, ஊசி போன ஓட்டையிலேயே கிழியும்.

இன்னொண்ணு, தள்ளுபடியில கிடைக்குதேன்னு ரெண்டு மூணு வருஷம் பெட்டியில தூங்கின பூட்ஸை எடுத்துடாதீங்க. நம்ம ஊர் ஈரத்துல பியூங்கற பிளாஸ்டிக் அடிப்பாகம் தானா உதிரும். போட்ட அன்னைக்கே அதிரசம் மாதிரி பொடிஞ்சு விழுந்ததை நான் பார்த்திருக்கேன்.

நம்ம பாதத்துக்குன்னு இத்தனை காலம் சொந்த நம்பர் இல்லாமப் போச்சேன்னு அப்பாவுக்கு ஒரு ஆதங்கம். அடையாறு தோல் ஆராய்ச்சி நிலையத்துக்காரங்க 2021 டிசம்பர்லேர்ந்து 2022 மார்ச் வரைக்கும் நாடு முழுக்க ஒரு லட்சத்துக்கும் மேல ஆளுங்க பாதத்தை அளந்தாங்க. வெள்ளைக்காரங்க பாதத்தைவிட நம்மளது அகலம்னு தெரிஞ்சு, 'பா'ங்கற பேர்ல ஒரு இந்திய நம்பர் முறையைச் சிபாரிசு பண்ணினாங்க. பட்டறைக்காரன் கைக்கு அது எப்பவோ தெரியும்னு சொல்லிட்டு டீ குடிக்கப் போயிட்டார்.

வியாசர்பாடியிலிருந்து

எனக்கு நேர் எதிர். காலு குச்சி. பூட்ஸ் போட்டா பூந்தொட்டியில துடைப்பத்தை நட்ட மாதிரி இருக்கும். எங்களுக்கும் யாராச்சும் வழி சொல்லுங்கப்பா. லேஸ் வச்ச பூட்ஸ் போட்டு இறுக்கிக்கறேன், இப்போதைக்கு அதுதான்.

பெரம்பூரிலிருந்து

அயர்லாந்துல நாலு வருஷம் நர்ஸா இருந்துட்டு வந்திருக்கேன், அதனால கொஞ்சம் குறுக்க பேசறேன், கோச்சுக்காதம்மா. முழங்கால் பூட்ஸ் அழகுக்குத்தான். வார்டுக்குள்ள எப்படியும் வேற ஷூ. வீட்டுலேர்ந்து பஸ், பஸ்லேர்ந்து ஆஸ்பத்திரி, அவ்வளவு நடைக்குக் கணுக்காலுக்கு நாலு விரல் மேல வர்ற பூட்ஸ் போதும், அடியில ஆழமான வரி வெட்டியிருக்கணும். வழவழன்னு அடிப்பாகம் இருந்தா ஐஸ்ல முதல் நாளே உட்கார வச்சிடும். இறுக்கமான பூட்ஸ் குளிருக்கு எதிரி, அதையும் சொல்லிடறேன். சாக்ஸுக்கும் பூட்ஸுக்கும் நடுவுல காத்து நின்னாத்தான் சூடு நிக்கும். நான் ஒரு நம்பர் பெருசா வாங்கலை, சாக்ஸ் கனத்துக்கு அகலம் கூடின மாடலா வாங்கினேன்.

தண்டையார்பேட்டையிலிருந்து, மறுபடியும்

எல்லாருக்கும் பதில் சொல்ல லேட் ஆயிடுச்சு. புளியந்தோப்புத் தங்கச்சி சொன்ன மாதிரி அளந்தேன். காலையில 15 இஞ்சு, டியூட்டி முடிஞ்சு 15¾, கம்பளி சாக்ஸோட 16. மாலுக்குப் போய், ஜிப் ஏறாத அந்த 4ஆம் நம்பர் பூட்ஸை டேப் வச்சு அளந்தேன். உள்சுற்று 14. ரெண்டு இஞ்சு குறைச்சலுக்கு அந்தப் பையன் என்னை மூச்சுப் பிடிக்கச் சொன்னதுக்குப் பதிலா ஒரு டேப் வச்சு அளந்திருக்கலாம்.

சனிக்கிழமை மெட்ரோல ஏறி சென்ட்ரல்ல இறங்கி, பெரியமேட்டுக்கு நடந்தே போனேன். பட்டறை ஒரு மாடிப்படிக்குக் கீழ. உள்ள நுழையறப்பவே பசையும் தோலும் கலந்த வாசனை. பிரிச்சுத் தைக்கறதுக்காகப் புதுசா வாங்கின ஒரு ஜோடி அசல் தோல் பூட்ஸையும் கூடவே எடுத்துட்டுப் போனேன், 3,800 ரூபாய், பாதம் 4ஆம் நம்பர்லயே. ஐயா முதல்ல என் மூஞ்சியைப் பார்க்கலை, காலைத்தான் பார்த்தார். ஒரு பழைய பேப்பர்ல பாதத்தை வச்சுப் பென்சிலால சுத்தி வரைஞ்சார். அப்புறம் பின்தையலை பிளேடால ஒவ்வொரு நூலா அறுத்தார். பத்து நிமிஷம் அதுக்கே. தோல் விளிம்பைக் கத்தியால சீவி மெல்லிசாக்கி, கறுப்பு எலாஸ்டிக்கை உள்ள வச்சு மிஷின்ல ஓட்டினார். மேல ரெண்டு இஞ்சு அகலம், கணுக்கால்கிட்ட வர்றப்ப ஒண்ணுமில்லாமப் போயிடும். கணுக்கால்ல மட்டும் இடம் கொடுக்காதீங்கன்னு எண்ணூர் அக்கா சொன்னதை நானும் சொன்னேன். "அதை எனக்கே சொல்றியாம்மா"ன்னு சிரிச்சார். 650 ரூபாய் வாங்கினார்.

ஜிப் ஒரே இழுப்புல மேல போச்சு. படிக்கட்டு ஏறி இறங்கிப் பார்த்தேன், குதிகால் அசையலை. இடது கால்ல மட்டும் எலாஸ்டிக் லேசா வெளிய தெரியுது, கோட்டு மறைச்சுடும். பெரம்பூர் அக்கா சொன்ன வரி வெட்டின அடிப்பாகம் இதுல இல்லை. மேல ரப்பர் ஷீட் ஒட்டித் தர்றேன், செவ்வாய்க்கிழமை வான்னு சொல்லியிருக்கார். அந்த 6ஆம் நம்பர் ஜோடி இன்னும் கட்டிலுக்கு அடியில கிடக்கு. பெரிய பாதம், நடுத்தரக் கெண்டைக்கால் யாருக்காவது இருந்தா வந்து போட்டுப் பாருங்க, 1,500க்குத் தர்றேன்.