கடை சாத்திய பிறகு டிக்டாக் லைவ், சொந்த எண்ணில் வாட்ஸ்அப்: உங்கள் கடைகளில் எப்படி?

லெபோ பசார் அக்கா:

வணக்கம். பினாங்கு லிட்டில் இந்தியாவில், லெபோ பசாரில் ஒரு சேலைக் கடையில் 22 வருடமாக வேலை பார்க்கிறேன். சேலையை விரிப்பது, முந்தானையைத் தோளில் போட்டுக் காட்டுவது, வந்தவர் போன பிறகு மடித்து அடுக்குவது, இதுதான் என் வேலையாக இருந்தது. 2020 மார்ச் 18-இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்து கடையை மூடினோம் இல்லையா, அப்போது என் சொந்தப் போனிலிருந்து பழைய வாடிக்கையாளர்களுக்குப் படம் அனுப்ப ஆரம்பித்தேன். அந்த வருடம் கடை பிழைத்தது அப்படித்தான். அதை நினைத்தால் இன்றைக்கும் பெருமையாக இருக்கிறது.

கடை திறந்த பிறகும் அது நிற்கவில்லை. இப்போது வாரத்தில் மூன்று நாள், கடை சாத்திய பின் எட்டரையிலிருந்து பத்தரை வரை டிக்டாக் லைவ். கணக்கு என் பெயரில், முகம் என் முகம். "அக்கா, அந்த மூன்றாவது சேலையை இன்னொரு தடவை காட்டுங்கள்" என்று ஈப்போவிலிருந்தும் ஜொகூரிலிருந்தும் கேட்கிறார்கள். அவர்களோடு பேசுவது எனக்குப் பிடித்திருக்கிறது. கல்யாணத்துக்கு எடுத்துக் கட்டிக்கொண்டு படம் அனுப்புகிறார்கள்.

ஒரு விஷயம் சொல்ல வேண்டும். லைவுக்கு வைக்கிற வட்ட விளக்கில் அரக்கு நிறம் சிவப்பாகத் தெரியும், மயில்கழுத்து வெறும் நீலமாகிவிடும். அதனால் யாராவது கேட்டு வைத்தால், மறுநாள் காலையில் சேலையைக் கடைக்கு முன்னால் இருக்கும் ஐந்தடிக்கு (கூரை போட்ட நடைபாதைக்கு) கொண்டு போய், வெயில் நேராகப் படாத இடத்தில் பிடித்து, பக்கத்தில் என் கையையும் வைத்துப் படம் எடுப்பேன். கையின் நிறத்தோடு சேர்த்துப் பார்த்தால் சேலையின் நிறம் சரியாகப் பிடிபடும். அப்புறம் ஜரிகையின் உள்பக்கத்தையும் திருப்பி ஒரு படம். இதைச் செய்ய ஆரம்பித்த பிறகு "நிறம் வேறு" என்று திரும்பி வரும் சேலை நன்றாகக் குறைந்துவிட்டது.

இத்தனைக்கும் தனியாகச் சம்பளம் இல்லை. முதலாளியிடம் கேட்டேன். "உட்கார்ந்து பேசுவதுதானே அம்மா" என்றார். நல்ல மனிதர், ஏமாற்றுகிறவர் இல்லை. அவருக்கு இது வேலையாகவே தெரியவில்லை. இரவு பன்னிரண்டு மணிக்கும் என் எண்ணுக்கு "விலை என்ன" என்று வருகிறது. நாளைக்கு நான் வேலையை விட்டால் அந்த எண்கள் யாருடையவை? உங்கள் கடைகளில் இதை எப்படி வைத்திருக்கிறீர்கள்?

பிரிக்பீல்ட்ஸ் தம்பி:

அக்கா, கோலாலம்பூரில் சின்னக் கடைகளுக்கு இந்த வேலைதான் செய்து கொடுக்கிறேன். முதலில் எண்ணைப் பிரியுங்கள். கடை செலவில் புது சிம் வாங்கி, வாட்ஸ்அப் பிசினஸ் போடச் சொல்லுங்கள். 2018-இலேயே வந்த இலவசச் செயலிதான். உங்கள் வாட்ஸ்அப்பும் அதுவும் வேறு வேறு எண்ணில் ஒரே போனில் ஓடும். ஆனால் போனையே கடையில் வைத்துவிட்டு வீட்டுக்குப் போவது நல்லது. வேலை நேரத்தைக் குறித்துவிட்டால் இரவில் கேட்பவருக்குத் தானாகப் பதில் போகும். அந்த எண்ணை இன்னும் நான்கு கருவிகளில் இணைக்கலாம், கல்லாவில் இருக்கிறவரும் பதில் சொல்லலாம்.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். மொத்தமாக அனுப்பும் செய்தி, உங்கள் எண்ணைச் சேமித்து வைத்திருப்பவருக்குத்தான் போய்ச் சேரும். புது எண்ணைச் சேமிக்கச் சொல்லி ஒவ்வொருவரிடமும் கேட்க வேண்டும். அதற்கே இரண்டு மூன்று மாதம் ஆகும். தீபாவளிக்கு முந்தின மாதம் மட்டும் மாற்றாதீர்கள். டிக்டாக்குக்கும் கடை பெயரில் தனிக் கணக்குத் திறந்து, லைவில் சொல்லிச் சொல்லி ஆட்களை அங்கே கொண்டு போங்கள்.

செந்தூல் கணக்கர்:

சம்பளக் கணக்கு எழுதிப் பிழைத்தவன், அதனால் மலேசியச் சட்டத்தைச் சொல்கிறேன். 2023 ஜனவரி 1 முதல் வாரத்துக்கு 45 மணி நேரம்தான் உச்சம், முன்பு 48. மாதச் சம்பளம் 4,000 வெள்ளியை (ரிங்கிட்டை) தாண்டாதவருக்கு, வழக்கமான வேலை நேரத்துக்கு மேல் செய்வதற்கு மணிக்கூலி போல ஒன்றரை மடங்காவது கொடுக்க வேண்டும். உதாரணத்துக்கு 2,600 வெள்ளி என்று வையுங்கள். 26-ஆல் வகுத்தால் நாளுக்கு 100, எட்டு மணி நேரத்துக்கு வகுத்தால் மணிக்கு 12.50, ஒன்றரை மடங்கு 18.75. வாரத்துக்கு ஆறு மணி நேர லைவ் என்றால் 112 வெள்ளி 50 காசு. முதலாளி நல்லவர் என்கிறீர்களே, இந்தக் கணக்கை ஒரு தாளில் எழுதி அவர் முன்னால் வையுங்கள். நேரத்தை இன்றைக்கே ஒரு நோட்டில் குறிக்க ஆரம்பியுங்கள்.

பூக்கடை மீனா:

தம்பி சொன்னதில் எனக்குச் சம்மதமில்லை. ஆட்கள் கடையைப் பார்த்தா வருகிறார்கள்? அக்காவைப் பார்த்துத்தான் வருகிறார்கள். 22 வருடப் பழக்கத்தைப் புது எண்ணில் ஏற்றிச் சும்மா கொடுத்துவிடாதீர்கள். லைவில் போகும் ஒவ்வொரு சேலைக்கும் கமிஷன் பேசுங்கள், அப்புறம் எண்ணை மாற்றுங்கள்.

லெபோ பசார் அக்கா:

எல்லோருக்கும் நன்றி. ஐயா சொன்ன மாதிரி எழுதிக்கொண்டு போனேன். முதலாளி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு தடவை படித்தார். லைவ் நேரத்துக்குக் கூலி இந்த மாதத்திலிருந்து. புது சிம்முக்கும் கடைக்கென்று ஒரு போனுக்கும் சரி என்றுவிட்டார். கமிஷன் பேச்சு தீபாவளிக்கு அப்புறம் என்றார். மீனா, அதை நான் விடப் போவதில்லை, தேதி போட்டு எழுதி வாங்கியிருக்கிறேன். டிக்டாக் கணக்கை மட்டும் இன்னும் மாற்றவில்லை. அது என் பெயரிலேயே இருக்கட்டும் என்று தோன்றுகிறது.

நேற்று ராத்திரி போனைக் கடையிலேயே வைத்துவிட்டு வந்தேன். காலையில் திறந்தால் பதினேழு செய்தி. தைப்பிங்கிலிருந்து ஒரு அம்மா கத்தரிப்பூ நிறத்தில் ஒன்று கேட்டிருந்தார். ஐந்தடிக்கு எடுத்துப் போய்ப் படம் பிடித்து அனுப்பிவிட்டுத்தான் இதை எழுதுகிறேன்.