முன்பக்கம் கிழிந்த சின்னக்குறிப்பிடத்துக்கு (கத்தோலிக்கச் சிறுவர் வேதபோதனைப் புத்தகம்) வயது பார்ப்பது எப்படி? திருகோணமலை வாசகர் மூவரின் பதில்கள்

பாலையூற்றிலிருந்து:
திருகோணமலையில் பழைய கத்தோலிக்க வீடுகளைத் திருத்தும்போது பரணிலிருந்து இறங்குவது அநேகமாகச் சின்னக்குறிப்பிடமும் செபப் புத்தகமும்தான். முன்பக்கம் போயிருக்கும். வருஷம் தேடி அட்டையைப் புரட்டிப் பிரயோசனமில்லை. சிலுவை அடையாளச் செபத்தைப் பாருங்கோ. "இஸ்பிரீத்து சாந்து" என்று கிடந்தால் அது போர்த்துக்கேயச் சொல், 1554இல் லிஸ்பனில் தமிழை ரோம எழுத்தில் அச்சடித்த காலத்துப் பழக்கம். "சர்வேசுரன்", "பூசை" எல்லாம் இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்கு (1962–65இல் கத்தோலிக்க ஆயர்கள் கூடிய பேரவை) முந்திய பேச்சு. "இறைவன்", "திருப்பலி" அதற்குப் பிந்தியது. ஆனால் மறுபதிப்பில் பழைய பாடத்தை அப்படியே எழுத்துக் கோப்பார்கள். சொல்லை வைத்துப் பாடத்தின் வயதுதான் தெரியும், தாளின் வயது தெரியாது.

உப்புவெளியிலிருந்து:
அண்ணை சொன்னது கத்தோலிக்கப் புத்தகத்துக்குச் சரி. மற்ற (புரட்டஸ்தாந்து) சபைகளின் சிறுவர் துண்டுப் பிரசுரம் என்றால் "பராபரன்" இருக்கிறதா, "தேவன்" இருக்கிறதா என்று பார்க்கவேணும். பராபரன் என்பது 18ஆம் நூற்றாண்டில் ஜெர்மன் மிஷனரி ஃபப்ரீசியஸ் செய்த வேதாகமத்தின் சொல். லூத்தரன் சபையார் அதை விடாமல் வைத்திருந்தார்கள். சபைகள் சேர்ந்து செய்த 1871 ஐக்கிய மொழிபெயர்ப்புக்குப் பிறகு மற்றவர்களிடம் பெரும்பாலும் தேவன்தான்.

தும்பிக்கை வைத்த "லை", "னை" கண்டவுடன் நூறு வருஷம் என்று துள்ளவேண்டாம். அந்த வடிவத்தை மாற்றிய 1978 அரசாணை தமிழ்நாட்டுக்கு உரியது. இங்கே அச்சகத்துப் பெட்டியில் பழைய ஈய எழுத்து இருந்த மட்டும் அதையே கோத்தார்கள். இந்தப் பிழை அடிக்கடி நடக்கிறது.

உவர்மலையிலிருந்து:
வயது கிடக்கட்டும், முதலில் புத்தகத்தைத் தைத்த கம்பியைக் கழற்றுங்கோ. கடல் காற்றுக்கு அது துருப்பிடித்து, மார்கழி ஈரத்தில் சுற்றியுள்ள தாளையும் தின்றுவிடும். நடுப்பக்கத்தைத் திறந்து, மடங்கிய இரண்டு காலையும் மொட்டைக் கத்தி முனையால் நிமிர்த்தி, முதுகுப் பக்கமாக உருவவேணும். உள்ளிருந்து பிடுங்கினால் மடிப்பு கிழியும். பிறகு வெள்ளைப் பருத்தி நூல். கம்பி இருந்த இரண்டு ஓட்டை போக நடுவில் இன்னொன்று குத்தினால் போதும். உள்ளிருந்து நடு ஓட்டையால் வெளியே, மேல் ஓட்டையால் உள்ளே, நேரே கீழ் ஓட்டையால் வெளியே, திரும்ப நடு ஓட்டையால் உள்ளே வந்து, நீள நூலுக்கு மேலே முடிச்சு. செலோடேப் மட்டும் வேண்டாம். பசை மஞ்சளாகி எழுத்தையே மறைக்கும்.

பக்கம் குறைகிறதா என்று பார்க்க மொத்தத்தை எண்ணுங்கோ. ஒரு தாளை மூன்று தரம் மடித்தால் 16 பக்கம். 1578இல் கொல்லத்தில் அச்சான பழைய தமிழ் வேதபோதனைப் புத்தகம் தம்பிரான் வணக்கமும் 16தான். கம்பி குத்திய புத்தகம் நான்கால் பிரியாவிட்டால் ஏதோ போய்விட்டது.

பாலையூற்றிலிருந்து:
ஓம், ஒன்று விட்டுப்போச்சு. பின்னட்டை தப்பியிருந்தால் விலையைப் பாருங்கோ. "சதம்" என்றால் இலங்கை விலை, 1872க்குப் பிந்தியது. "அணா" என்றால் அநேகமாக இந்தியாவிலிருந்து கப்பலில் வந்தது. "நயா பைசா" கிடைத்தால் அதிர்ஷ்டம்: அந்தப் பெயர் 1957 முதல் 1964 வரைதான் ஓடியது.