புதுப்பிப்பு: மதினியின் விரல்களும் ஈஎஸ்ஐ அட்டையும்

மூன்று வாரம் முன்பு எழுதியிருந்தேன்: தூத்துக்குடியில் இறால் உரிக்கும் என் மதினிக்கு ஐஸும் குளோரினும் கலந்த தண்ணீரில் விரலிடுக்கெல்லாம் புண், தொழிலாளர் மருத்துவக் காப்பீடான ஈஎஸ்ஐக்குச் சம்பளத்தில் பணம் பிடித்தும் அட்டை தரவில்லை என்று.

அட்டை எண் கிடைத்துவிட்டது. ஒப்பந்தக்காரர் பதிவு செய்துதான் இருந்தார், சொல்லத்தான் மனம் வரவில்லை போலும். மருத்துவர் பத்து நாள் கையை நனைக்கக் கூடாது என்றார். நோய்க்கால உதவியாக ஊதியத்தில் 70 சதவீதம் உண்டு. ஆனால் கிலோக் கணக்கில் உரிப்பவருக்கு எது ஊதியம்? பிடித்தம் 0.75 சதவீதம்தானே என்று சம்பளச் சீட்டை இதுவரை நாங்கள் உற்றுப் பார்க்கவே இல்லை. அதில் ஊதியமாகக் காட்டியிருக்கும் தொகை, கையில் வாங்குவதில் பாதிகூட இல்லை. உதவித்தொகையும் அந்தப் பாதிக்குத்தான்.

நான்காம் நாளே மதினி வேலைக்குப் போய்விட்டார். "வளாக விடுதியில் ஒடிசாப் பிள்ளைகள் இருக்கிறார்கள். நடு இரவில் லோடு வந்தாலும் எழுப்பிவிடுவார்கள். என் இடம் காலியாகவா இருக்கும்?" என்கிறார். அந்தப் பெண்கள் மேல் அவருக்குக் கோபமில்லை. பாவம், தூக்கமே இல்லை என்கிறார்.

முந்தைய பதிவைப் படித்துவிட்டு, வேலையிடத்தில் உட்கார இருக்கை கேட்கச் சொன்னவர்களுக்கு: 1948 தொழிற்சாலைகள் சட்டத்தின் 44ஆம் பிரிவிலேயே அது இருந்தது. மேற்பார்வையாளரிடம் மதினி சொன்னாராம். அவர் சிரித்தாராம்.