தாத்தாவோட நேவி சர்வீஸ் பேப்பர் படிக்கத் தெரிஞ்சவங்க உதவி பண்ணுங்க

கடலூர் பேரன்:
எல்லாருக்கும் வணக்கம். எங்கப்பாவோட அப்பா ரெண்டாம் உலகப்போர்ல ராயல் இந்தியன் நேவில இருந்தவரு, அவரோட சர்வீஸ் பேப்பர் இப்பதான் அத்தை வீட்டு டிரங்குப் பெட்டில கிடைச்சுது. 1943ல சேர்ந்திருக்காரு, பேருக்குப் பக்கத்துல டெல்னு இருக்கு. கப்பல் பேர் போடுற இடத்துல வரிசையா டல்ஹவுசி, தல்வார், டல்ஹவுசி, நர்படா, மறுபடி டல்ஹவுசி. மூணு கப்பல்ல போனாரா? ஒவ்வொரு வருஷக் கடைசிலயும் வி.ஜி.ன்னு எழுதியிருக்கு. கடைசில 1946 ஜூலைல "சர்வீஸ் இனித் தேவையில்லை"ன்னு போட்டு அனுப்பிட்டாங்க. 1946ல மாலுமிங்க பண்ணின கடற்படைக் கலகத்துல சேந்ததால துரத்திட்டாங்கன்னு அத்தை சொல்றாங்க, அப்பா அத ஒத்துக்கவே மாட்டேங்குறாரு. எது உண்மைன்னு தெரிஞ்சாகணும்.

ரிட்டயர்ட் மாலுமி:
தம்பி, அதுல நெஜக் கப்பல் நர்படா ஒண்ணுதான். மத்த ரெண்டும் கரையில இருக்கிற தளம், நேவில தரையில இருக்கிற தளத்துக்கும் கப்பல் மாதிரியே பேர் வப்பாங்க. டல்ஹவுசி பம்பாய் கேஸில் பாரக்ஸ், இப்போ ஐ.என்.எஸ். ஆங்ரே. ஒரு போஸ்டிங் முடிஞ்சு அடுத்தது வர்ற வரைக்கும் ஆளுங்கள அங்கதான் வச்சிருப்பாங்க, அதான் திரும்பத் திரும்ப வருது. தல்வார் பம்பாய் சிக்னல் ஸ்கூல். டெல்னா டெலிகிராஃபிஸ்ட், அதாவது வயர்லெஸ்ல செய்தி அனுப்பி வாங்குறவரு, அப்ப தாத்தா மோர்ஸ்ங்கற தந்தி மொழி படிச்சது அங்கதான். வி.ஜி.ங்கறது வெரி குட், நடத்தைக்கு அதுக்கு மேல மார்க்கே கிடையாது. பெருமையா வச்சுக்கோங்க.

பழைய காகிதம்:
நர்படால எந்தத் தேதிலேர்ந்து எந்தத் தேதி வரைன்னு பாருங்க, அதுதான் முக்கியம். 1945 ஜனவரில பர்மா கரைல மியபோன்ல படை இறங்கினப்போ நர்படாவும் ஜம்னாங்கற இன்னொரு கப்பலும் கடல்லேர்ந்து குண்டு போட்டுக் கொடுத்தாங்க. தாத்தா அப்ப கப்பல்ல இருந்திருந்தா வயர்லெஸ் ரூம்ல காதுல ஹெட்ஃபோன மாட்டிக்கிட்டு மேல பீரங்கி அதிர அதிர செய்தி எடுத்திருப்பாரு, நெனச்சாலே எனக்கு உடம்பு சிலிர்க்குது. பேப்பர்ல பர்மா ஸ்டார்னு, அந்தப் போர்ல இருந்தவங்களுக்குக் கொடுத்த பதக்கம் அது, எங்கயாவது எழுதியிருந்தா அதுவும் ஒரு சாட்சி.

கடலூர் பேரன்:
ரொம்ப நன்றி அண்ணே. நர்படால 1944 ஆகஸ்ட்லேர்ந்து 1945 நவம்பர் வரைக்கும்! பர்மா ஸ்டாரும் இருக்கு. இத்தன வருஷமா வீட்ல யாருக்கும் தெரியாது. அப்ப 1946 பிப்ரவரில கலகம் நடந்தப்போ அவரு டல்ஹவுசில இருந்திருக்காரு, சரியா?

ரிட்டயர்ட் மாலுமி:
சரிதான். பிப்ரவரி 18 தல்வார்ல ஆரம்பிச்சுது, சாப்பாடு மோசம்னு கிளம்பினது, 23ந்தேதி வரைக்கும் போச்சு. 21ந்தேதி கேஸில் பாரக்ஸை ராணுவம் வளைச்சு சுட்டுது, உள்ள இருந்த மாலுமிங்களும் திருப்பிச் சுட்டாங்க. அவரு உள்ள இருந்திருக்கலாம், லீவுல ஊர்லயும் இருந்திருக்கலாம், அதனால இத மட்டும் வச்சு அத்தை சொல்றதுதான் சரின்னு எடுத்துக்காதீங்க. போர் முடிஞ்சதும் நேவிய சுருக்கினாங்க, கலகத்துக்கும் அவங்களுக்கும் சம்பந்தமே இல்லாம எத்தனையோ பேர் 1946ல வீட்டுக்கு வந்தாங்க. நல்ல நடத்தைக்குக் கொடுக்கிற பேட்ஜ் பத்தின கட்டத்தப் பாருங்க, கொடுத்த தேதியும் பறிச்ச தேதியும் தனித்தனியா இருக்கும். மார்ச் ஏப்ரல்ல பேட்ஜ பறிச்சிருந்தாலோ, சிறை செல்லுல வச்ச நாள் கணக்கு இருந்தாலோ, அனுப்புறப்ப போட்ட கடைசி மார்க் வி.ஜி.லேர்ந்து எறங்கியிருந்தாலோ அத்தை சொல்றதுல விஷயம் இருக்கு. எதுவும் இல்லன்னா அப்பா பக்கம்.

பழைய காகிதம்:
அப்பாகிட்ட ஒண்ணு சொல்லுங்க, கலகத்துல இருந்தா அது ஒண்ணும் கேவலம் இல்ல. கடற்படை கலகத்துல வேலை போனவங்களுக்கு சுதந்திரப் போராட்ட வீரர் பென்ஷன்ல இடம் கொடுத்திருக்கு அரசாங்கம். கடலூர் முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துலயும் தாத்தாவோட சர்வீஸ் நம்பரச் சொல்லி கேட்டுப் பாருங்க.

கடலூர் பேரன்:
பேட்ஜ் கட்டம் பின்பக்கத்துல இருக்குபோல, நான் முன்பக்கம் மட்டும்தான் போட்டோ எடுத்தேன். ஞாயித்துக்கிழமை அப்பாவையும் கூட்டிட்டு அத்தை வீட்டுக்குப் போறேன், ரெண்டு பேரையும் பக்கத்துல உக்கார வச்சுத்தான் திருப்பிப் பாக்கணும்.