புதுப்பிப்பு: இங்கிலாந்து, லெஸ்டர் வீட்டு விறகு அடுப்பு

1930களில் கட்டிய எங்கள் வீட்டின் பழைய புகைபோக்கியிலேயே 7 கிலோவாட் விறகு அடுப்பை நேரடியாக இணைக்கலாமா என்று போன மாதம் கேட்டிருந்தேன். கூடாது என்று சொன்ன எல்லோருக்கும் நன்றி.

புகைச் சோதனை செய்தபோது மகள் தூங்கும் மாடி அறைச் சுவரிலிருந்து புகை கசிந்தது. பார்த்ததும் கை நடுங்கிவிட்டது. உள்ளே செங்கல் இடுக்குச் சாந்து உதிர்ந்திருக்கிறது. அடுப்பு எரிந்திருந்தால் அதே வழியாகக் கார்பன் மோனாக்சைடு என்ற விஷ வாயுவும் வந்திருக்கும். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை.

இப்போது புகைபோக்கிக்குள் துருப்பிடிக்காத எஃகுக் குழாய் இறக்கியாகிவிட்டது. விறகு அடுப்பு பொருத்துபவர்களைப் பதிவு செய்யும் ஹெட்டாஸ் அமைப்பில் பதிவு பெற்றவரே செய்தார். அதனால் உள்ளாட்சியின் கட்டட அனுமதிக்குத் தனியாக விண்ணப்பிக்க வேண்டியிருக்கவில்லை. 5 கிலோவாட்டுக்கு மேல் என்பதால் நிரந்தரக் காற்றுத் துளையும் வைத்தார். குளிர் வருகிறதே என்று அதை மட்டும் அடைத்துவிடாதீர்கள், தயவுசெய்து.

கார்பன் மோனாக்சைடு அலாரம் அடுப்பிலிருந்து 1 முதல் 3 மீட்டருக்குள் இருக்கிறது. மகள் அறையிலும் ஒன்று மாட்டினேன்.

அப்புறம் விறகு. ஈரப்பதம் 20 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். நான் வாங்கிய முதல் கட்டு 28 காட்டியது. ஈர விறகு எரிந்தால் குழாயில் தார் படியும், பிறகு அந்தத் தாரே தீப்பிடிக்கும். கட்டை அப்படியே கொட்டகையில் காய வைத்துவிட்டேன்.

நேற்று ஜன்னலைத் திறந்துவைத்து முதல் தீ மூட்டினோம், சின்னதாக. மாடி அறை அலாரம் 0 காட்டியது.