முற்றத்தில் தாழ்வான காரை உயர்த்தி அதன் கீழே படுக்கலாமா?

கொக்குவிலான் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். என்னிடம் இருப்பது ஒரு பழைய ஹொண்டா சிவிக். முன்பு வைத்திருந்தவர் குட்டை ஸ்பிரிங் பூட்டித் தாழ்த்திவிட்டதால், முன் பம்பரின் கீழ்விளிம்பு தரையிலிருந்து நாலேகால் அங்குலந்தான் நிற்கிறது. சில்லில் உருட்டிக் காரின் கீழே தள்ளும் என் ரொலி ஜக்கின் தலையை முழுதாக இறக்கினாலும் அதன் உயரம் ஐந்தரை அங்குலம். பம்பருக்குக் கீழே நுழையவே நுழையாது. இலங்கையில் 2020 மார்ச்சில் நிறுத்திய வாகன இறக்குமதியை 2025 பெப்ரவரியில் தனியாருக்குத் திறந்துவிட்டார்கள் என்றாலும், வரியோடு சேர்ந்த விலை என் கைக்கு எட்டாது. இந்தக் காரைத்தான் இன்னும் பல ஆண்டுகள் ஓட்ட வேண்டும் என்பதால், ஒயில் மாற்றுவதையும் பிறேக் பாட் மாற்றுவதையும் வீட்டிலேயே செய்யப் பழக விரும்புகிறேன். எங்கள் முற்றம் இன்ரலொக் கல் பதித்தது. கிணற்றடியில் கிடக்கும் பனங்குற்றிகளை அண்டையாகக் கொடுத்தால் போதும் என்கிறார் அப்பா. பக்கத்து வீட்டு அண்ணை நாலு சீமெந்துக் கல்லை அடுக்கச் சொல்கிறார். எதை நம்பி நான் கீழே படுப்பது?

கோண்டாவில் கராச் எழுதியது:

தம்பி, எதையும் நம்பிப் படுக்க வேண்டாம் என்பதே என் பதில். முப்பது வருடமாக இந்தத் தொழிலில் இருக்கிறேன். சேவிஸ் நிலையத்தில் காரையே தூக்கி நிறுத்தும் ஹொய்ஸ்ற் இருக்கிறது. ஒயில் மாற்ற அரை மணித்தியாலம் போதும். பிறேக் பாட் மாற்றுவதற்குக் காரின் கீழே போகத் தேவையில்லை, சில்லைக் கழற்றிப் பக்கத்தில் இருந்தே செய்யலாம். அதை வீட்டில் செய்யுங்கள், நான் மறுக்கவில்லை. ஆனால் ஒயில் நட்டைக் கழற்ற மார்பளவுக்கு உள்ளே போக வேண்டும். ஜக் வழுக்கினால் இறங்குவது ஏறத்தாழ 1,200 கிலோ எடையுள்ள காரின் முன்பாதி. எஞ்சின் முன்னால் இருப்பதால் பாரத்தில் பாதிக்கு மேல் அங்கேதான் இருக்கிறது.

சீமெந்துக் கல்லைப் பற்றி ஒரே ஒரு வார்த்தை: வேண்டாம். நம் ஊரில் அரிகிற கல் ஒவ்வொன்றும் ஒவ்வொரு கலவை. சுவரில் சமமாகப் பரவிய பாரத்தை அது தாங்கும். இரும்பு விளிம்பு ஒரு புள்ளியில் அழுத்தினால் முன்னறிவிப்பே இல்லாமல் பிளந்துவிடும்.

வடமராட்சிக் கிழவன் எழுதியது:

கல்லைப் பற்றிக் கராச்காரத் தம்பி சொன்னது முழுக்கச் சரி. ஆனால் பனங்குற்றியையும் அதனோடு சேர்த்துத் தள்ளிவிடக் கூடாது. தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடை இருந்த காலத்தில், மண்ணெண்ணெயில் ஓடிய ஒஸ்ரின் ஏ40 கார்களை நாங்கள் எங்கே கொண்டுபோய் உயர்த்தினோம்? மின்சாரமும் இல்லை, ஹொய்ஸ்றும் இல்லை. வைரம் பாய்ந்த பனையை ஒன்றரை அடித் துண்டுகளாக அறுத்து, இரண்டு நெடுக்காகவும் இரண்டு குறுக்காகவும் மாற்றி மாற்றி அடுக்கி, அதன் மேல் காரை இறக்கி, கியர்ப்பெட்டியையே கழற்றிப் பூட்டியிருக்கிறோம். மரம் விட்டுக்கொடுக்கும் முன் முனகும். அந்தச் சத்தத்தைக் கேட்டு ஆள் வெளியே வந்துவிடலாம். இரும்பு அப்படிச் சொல்லிக்கொண்டு போவதில்லை.

ஸ்காபரோ சுழிபுரத்தான் எழுதியது:

ஐயா, உங்கள் அனுபவத்தை மதித்தே எதிர்த்துச் சொல்கிறேன். நீங்கள் உயர்த்தியது ஏ40 சமசெற் என்றால், அதற்குத் தனியான சசி இருந்தது. அந்த இரும்புச் சட்டத்தில் எங்கே அண்டை கொடுத்தாலும் தாங்கியது. தம்பியின் சிவிக்குக்குச் சசி கிடையாது, உடலே சட்டம். அதில் பாரம் தாங்கக்கூடிய இடங்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவை: கதவுகளுக்குக் கீழே நெடுக ஓடும் மடித்த தகட்டு விளிம்பில், இரண்டு சிறிய வெட்டுக்குறிகளுக்கு நடுவே உள்ள பகுதி பக்கத்துக்கு இரண்டாக நான்கு, அவற்றோடு முன்னும் பின்னும் நடுவில் உள்ள கொக்கி இடங்கள். அகலமான குற்றியை அடியில் தள்ளினால் அது விளிம்பில் நிற்காமல் தரைத் தகட்டில் முட்டி, தகட்டை உள்ளே அமுக்கிவிடும். அதற்காகத்தான் உயர்த்திய காரைத் தாங்கி நிற்கும் இரும்புக் காலான ஜக் ஸ்ராண்ட் இருக்கிறது. அதன் தலையில் நடுவே பள்ளம் வெட்டிய ரப்பர்த் துண்டை வைத்தால், விளிம்பு பள்ளத்துக்குள் இறங்கிப் பாரம் இரு பக்கத்திலும் பரவும்.

இங்கே கனடாவில் என் காரை இருபது வருடமாக நானே பார்க்கிறேன். ஹொய்ஸ்ற் இல்லாதவர் காரைத் தொடவே கூடாது என்பதை ஏற்க முடியவில்லை.

கோண்டாவில் கராச் எழுதியது:

ஸ்ராண்ட் என்ற பெயரைக் கேட்டவுடன் எல்லோருக்கும் தைரியம் வந்துவிடுகிறது. அமெரிக்காவில் 2020இல் பெரிய கருவிக் கடைத் தொடர் ஒன்று, தான் விற்ற ஸ்ராண்டுகளைத் திருப்பி அழைத்தது, ஏனென்றால் பல்லில் மாட்டி நிற்க வேண்டிய கொளுவி பாரத்தோடேயே நழுவக்கூடியதாக இருந்தது. அங்கேயே அப்படி என்றால், பெயர் கூட அடிக்காமல் இங்கே கடைக்கு வரும் சாமானை எப்படி நம்புவது?

இன்னொன்றையும் யாரும் பேசவில்லை: தம்பியின் முற்றம். சில வருடங்களுக்கு முன் ஒரு வீட்டில் இதே இன்ரலொக் தரையில் ஒருவர் முன்பக்கத்தை உயர்த்திக்கொண்டிருந்தார். நான் ஒரு சாமான் கொடுக்கப் போயிருந்தேன். ஜக்கின் முன்சில்லு ஒன்று இரண்டு கற்களுக்கு நடுவே இருந்த இடுக்கில் மாட்டிக்கொண்டது. அவர் பிடியை அமத்திக்கொண்டே இருக்கிறார். கார் ஏறுகிறது, ஜக் அசையவில்லை. ஜக்கின் தலை, காரின் அடியில் உள்ள நடு இரும்பின் மேல் ஒரு பெருவிரல் அகலம் தேய்ந்து பின்னுக்கு வந்ததை என் கண்ணால் பார்த்தேன். தேய்ந்த இடத்தில் கறுப்பு மை உரிந்து வெள்ளை இரும்பு தெரிந்தது. நிறுத்துங்கள் என்று நான் சொல்லி முடிக்க முன் கார் படாரென்று இறங்கிவிட்டது. சில்லு கழற்றாமல் இருந்ததால் ரயரில் விழுந்தது, ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அவருடைய ஸ்பனர் பெட்டி அந்தக் காருக்கு அடியில் இருந்தது. இன்னும் இரண்டு நிமிடத்தில் அவரும் அங்கே இருந்திருப்பார்.

தொழில்நுட்ப மாஸ்ரர் எழுதியது:

கராச் அண்ணை சொன்ன சம்பவம் இந்த விவாதத்தின் நடுப்புள்ளி என்று நினைக்கிறேன். ஆனால் அதிலிருந்து நான் எடுக்கும் முடிவு வேறு.

ரொலி ஜக்கின் கை, பிடிப்பக்கத்தில் உள்ள ஓர் அச்சில் சுழல்கிறது. ஆகவே அதன் தலை நேர்கோட்டில் மேலே போவதில்லை. வில் போல வளைந்து, உயர உயரப் பிடிப்பக்கமாக வருகிறது. தலையோ காரின் இரும்பில் ஒட்டி நிற்க வேண்டும். எனவே ஜக்தான் தன் சில்லுகளில் உருண்டு காருக்கு அடியில் மெல்ல உள்ளே போக வேண்டும். அந்தச் சில்லுகளை இடுக்கோ மணலோ செம்மண்ணோ பிடித்துக்கொண்டால், ஜக் தலையைக் காரிலிருந்து இழுத்து எடுத்துவிடும். அண்ணை பார்த்த ஒரு பெருவிரல் அகலத் தேய்வு அதுதான். சாவகச்சேரிப் பக்கத்து மணல் முற்றத்தில் இது இன்னும் விரைவாக நடக்கும்.

இதற்கு மருந்து இல்லாமல் இல்லை. நாலடி நீளமான, முக்கால் அங்குலத் தடிப்புள்ள பிளைவூட் பலகையை விரித்து ஜக்கை அதன் மேல் ஓடவிட்டால், இடுக்கும் இல்லை, புதைவும் இல்லை. ஒவ்வொரு ஸ்ராண்டின் கீழும் ஓர் அடிச் சதுரப் பலகை வைத்தால், கால்கள் தனித்தனிக் கற்களில் நின்று சாய்வதும் தவிர்க்கப்படும். ஸ்ராண்ட் வாங்கும்போது பல்லும் கொளுவியும் உள்ளதை விட்டு, துவாரத்தில் குறுக்கு ஆணி செருகும் வகையை வாங்குங்கள். அதில் நழுவுவதற்குக் கொளுவியே இல்லை. ஆணி முறிந்தால்தான் இறங்கும்.

முட்டுக்கட்டையைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஹான்ட் பிறேக் போட்டேனே என்று பலர் அதை விட்டுவிடுகிறார்கள். பெரும்பாலான கார்களில் ஹான்ட் பிறேக் பின்சில்லுகளை மட்டுமே பிடிக்கிறது. பின்பக்கத்தை உயர்த்திய கணத்திலேயே அது பயனற்றுப் போகிறது. அப்போது ஓட்டோ கியரின் பார்க் பூட்டு மட்டுந்தான் முன்சில்லுகளைப் பிடிக்கிறது. முன்சில்லு ஒன்றை மட்டும் தனியே உயர்த்தினால் அந்தப் பூட்டும் பிடிக்காது, ஏனென்றால் இரு சில்லுகளையும் வெவ்வேறு வேகத்தில் சுழலவிடும் பற்சக்கரத் தொகுதியான டிபரென்ஷல் வழியாக அந்தரத்தில் நிற்கும் சில்லு எதிர்ப்பக்கமாகச் சுழன்று, நிலத்தில் உள்ள சில்லை உருளவிட்டுவிடும். ஆகவே எந்தப் பக்கத்தை உயர்த்தினாலும், நிலத்தில் நிற்கும் சில்லுகளுக்கு முன்னும் பின்னும் கட்டை இறுக்க வேண்டும்.

கொக்குவிலான் எழுதியது:

மாஸ்ரர், இவை எல்லாம் ஜக் உள்ளே போன பிறகு நடப்பவை. என்னுடையது உள்ளேயே போகவில்லையே?

ஸ்காபரோ சுழிபுரத்தான் எழுதியது:

அதற்கு இரண்டு வழி உண்டு. தாழ்வான கார்களுக்கென்றே தலை மூன்று, மூன்றரை அங்குலம் வரை இறங்கும் ஜக் இருக்கிறது, விலை கூட. மற்றது செலவில்லாதது: காரையே முதலில் பலகையில் ஏற்றுவது. பத்து அங்குல அகலமும் இரண்டு அங்குலத் தடிப்பும் உள்ள வேப்பம் பலகையில் மூன்றடித் துண்டு ஒன்றும் இரண்டடித் துண்டு ஒன்றும் வெட்டி, சிறியதைப் பெரியதன் மேல் படியாக வைத்துத் திருகாணியால் பிணைத்து, ஏறும் முனைகளைச் சரிவாகச் சீவி, மறுமுனையில் ஒரு தடைக்கட்டையை அறைந்துவிடுங்கள். இப்படி இரண்டு செய்து முன்சில்லுகளை மெல்ல ஏற்றினால் கார் நாலு அங்குலம் உயரும்; உங்கள் நாலேகால், எட்டேகால் ஆகிவிடும். கடையில் விற்கும் இரும்புச் சாய்தளங்கள் தாழ்வான காருக்குச் சரிவராது. ரயர் தொடும் முன்பே பம்பர் முட்டிக்கொள்ளும்.

கோப்பாய் வாசகன் எழுதியது:

இவ்வளவு பாடு எதற்கு? கொட்டிலில் நாலரை அடி ஆழத்தில் ஒரு குழி வெட்டி, பக்கங்களைச் சீமெந்தால் கட்டினால் தலைமுறைக்கும் நிற்கும். கார் தன் சில்லிலேயே நிற்கும். விழ வழியே இல்லையே?

தொழில்நுட்ப மாஸ்ரர் எழுதியது:

விழாது என்பது உண்மை. ஆனால் பெற்றோல் ஆவி காற்றை விடப் பாரமானது. கசிந்தால் குழியின் அடியில் போய்த் தேங்கும், அங்கே ஒரு சிறு பொறி போதும். ஐப்பசி, கார்த்திகை மழைக்கு நம் கிணறுகளில் நீர் எவ்வளவு மேலே வருகிறது என்பதையும் பாருங்கள். சுண்ணாம்புக் கல்லுக்குள் வெட்டிய குழியும் அந்த நீரோடுதான் உறவாடும். குழியில் சிந்தும் கழிவு ஒயில் எங்கே போகும்? சுன்னாகத்துக் கிணறுகளில் எண்ணெய் கலந்த விவகாரம் 2019இல் உயர் நீதிமன்றத் தீர்ப்பு வரை போனது நமக்குத் தெரியும். நீங்கள் எந்த முறையைத் தேர்ந்தாலும் தம்பி, வடித்த ஒயிலைக் கானில் மூடி எடுத்துப்போய்ச் சேவிஸ் நிலையத்தில் கொடுத்துவிடுங்கள்.

வடமராட்சிக் கிழவன் எழுதியது:

சசி இல்லாத காருக்குக் குற்றியை முதல் தாங்கியாக வைக்க முடியாது என்பதை ஏற்றுக்கொள்கிறேன். அந்த வேறுபாட்டை நான் யோசிக்கவில்லை. ஆனால் இரண்டாவது தாங்கியாக அதை வைக்கத் தடை இல்லையே. ஸ்ராண்டில் காரை இறக்கிய பிறகு, முன்சில்லுகளின் உள்பக்கத்தில், நடு இரும்புக்குக் கீழே, இரண்டு விரல் இடைவெளி விட்டுக் குற்றிகளை அடுக்கட்டும். அது காரைத் தொடாது. ஸ்ராண்ட் தோற்றால் கார் இரண்டு விரல் இறங்கிக் குற்றியில் நிற்கும், ஆள் பிழைப்பான். நடுவில் சோற்றி (மெத்தென்ற உட்பகுதி) உள்ள குற்றியை எடுக்க வேண்டாம். வெளிவைரத்தை மட்டும் செதுக்கிய துண்டாகவும், இரு முனையும் வெடிக்காததாகவும் பார்த்து எடுங்கள்.

கோண்டாவில் கராச் எழுதியது:

ஐயா சொன்ன அந்த இரண்டு விரல் இடைவெளியைப் படித்துவிட்டு நான் கொஞ்ச நேரம் யோசித்தேன். என் கராச்சிலும் கழற்றிய சில்லைப் படுக்க வைத்துக் கதவு விளிம்பின் கீழே தள்ளிவிட்டுத்தான் பொடியன்களை வேலை செய்யவிடுகிறேன். அதுவும் இதே கணக்குத்தான். ஆகவே வீட்டில் செய்யவே கூடாது என்று நான் எழுதியதைத் திருத்துகிறேன். தனியாகச் செய்யக் கூடாது என்பதை விடமாட்டேன். சில்லு நட்டுகளைக் கார் நிலத்தில் நிற்கும்போதே ஒரு சுற்றுத் தளர்த்திவிட வேண்டும். அந்தரத்தில் நிற்கும் காரில் நீள ஸ்பனரைப் போட்டு மிதிப்பவனை நான் பார்த்துக்கொண்டிருக்க மாட்டேன். ஸ்ராண்டில் இறக்கியதும் கீழே போக முன் காரின் தோளைப் பிடித்துப் பலமாக ஆட்டிப் பாருங்கள். விழுவதென்றால் அப்போதே விழட்டும்.

கொக்குவிலான் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. இன்று பின்னேரம் மரக்காலையில் வேப்பம் பலகை வெட்டுவித்தேன். ஆணி செருகும் ஸ்ராண்ட் இரண்டுக்குச் சொல்லி வைத்திருக்கிறேன், வர ஒரு கிழமை ஆகுமாம். அதுவரை பிறேக் பாட்டை மட்டும், கீழே போகாமல், ஒவ்வொரு சில்லாகச் செய்கிறேன். அப்பா குற்றிகளைத் தட்டிப் பார்த்து ஆறைத் தெரிந்து வைத்துவிட்டார். இரண்டில் சோற்றி இருந்தது, விறகுக்குப் போட்டார்.

கோண்டாவில் கராச் எழுதியது:

ஸ்ராண்ட் வந்ததும் இங்கே எழுதுங்கள் தம்பி. முதல் தரம் ஏற்றும் ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் வருகிறேன். பிளைவூட் பலகையை மட்டும் மறக்காமல் எடுத்து வையுங்கள்.